மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய லேபிள் இல்லாத பாட்டில்

போன வருடம் மே மாதம். கோடை விழாவுக்கு வந்த கார்கள் ஏற்காடு மலைப்பாதை முழுக்க நகராமல் நின்றுகொண்டிருந்த வாரம் அது. கிளியூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த என் மகள், துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலோடு வந்து நின்றாள். அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்வதென்றால் நான் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒயின் விஷயத்தில் சிநேகம் என்றால் முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர்; இப்போது எங்கள் சின்னக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்கு ஒரே மகள். நர்ஸ் படித்து அடிலெய்டு நகரத்தில் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை சேலத்துக்காரர், அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து மகளுக்கு முதுகில் ஒரு ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் மட்டும் கிளம்பிப் போனேன். காப்பிப் பழம் பறிக்கிற நேரம் என்பதால் வீட்டுக்காரர் தோட்டத்தை விட்டு வர முடியவில்லை.

மகள் மாத்திரை போட்டுக்கொண்டு பாதி நாள் தூங்குவாள். மீதி வீட்டில் நானும் மாப்பிள்ளையும்தான். எங்கள் பக்கம் மாமியார்க்காரி மாப்பிள்ளை எதிரில் நாற்காலியில் உட்காரவே யோசிப்பாள். அவரோ வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். “சாப்டீங்களா அத்தை?” என்பார். “சாப்ட்டேனுங்க” என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. இப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஊமைகள் விடுதியில் மாட்டிக்கொண்டோமோ என்று எனக்கே சிரிப்பாக வந்தது.

ஒரு சாயங்காலம் காப்பி கொண்டுபோனபோது அவர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். வரிசையாகச் சிவப்பு ஒயின் பாட்டில்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை. லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

“மூடாதீங்க மாப்பிள்ளை. வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு ஊட்டுல ஜாடி ஜாடியா ஒயின் போடுறவ நானு. இதைப் பாத்தா பயந்துக்கப் போறேன்?” என்றேன்.

அவர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரே மூச்சில் அரை மணி நேரம் பேசினார். அந்த ஊரில் பெரிய பெரிய ஒயின் தோட்டக்காரர்களுக்குச் சில வருடம் சரக்கு மிஞ்சிவிடுமாம். தங்கள் பெயரிலேயே விலையைக் குறைத்தால் மதிப்புக் கெட்டுவிடும். அதனால் லேபிள் ஒட்டாமல், பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டு, ஆன்லைன் கடைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். கடைக்காரர் அதை அடிமாட்டு விலைக்கு விற்பார். பெயரைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுப்பார். ‘இந்தக் குடும்பம் நான்காம் தலைமுறையாக இதே மலையில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் எங்கள் மேல் வழக்குப் போடுவார்கள்’ என்று குறும்பாக எழுதியிருப்பார்கள். குறிப்பை வைத்து இன்னார் தோட்டத்து ஒயின் என்று கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நம் மாப்பிள்ளை அதில் ஒருவர்.

இரண்டு நாளில் பெட்டி வந்தது. கண்ணாடி டம்ளரில் கால்வாசி ஊற்றி என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் சவுக்கு மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

“மாப்பிள்ளை, இதுல மிளகு போட்டிருக்காங்களா?”

அவர் துள்ளாத குறை. மிளகு போடுவதில்லையாம். குளிர்ந்த மலைப்பக்கத்தில் விளையும் ஒரு வகைக் கறுப்புத் திராட்சைக்கே அந்த வாசனை உண்டாம். அப்படியென்றால் சமவெளித் தோட்டங்களையெல்லாம் தள்ளிவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். மரியாதையெல்லாம் அன்றோடு போயிற்று. பாட்டிலின் அடியில் பொறித்திருந்த எண், பின்னால் சின்ன எழுத்தில் இருந்த ஊர், குறிப்பில் சொன்ன பதக்கம் என்று ஒவ்வொன்றாக ஒட்ட வைத்து, ராச்சாப்பாட்டுக்குள் ஒரு தோட்டத்தின் பெயருக்கு வந்து சேர்ந்தோம். சரிதானா என்று கடைசிவரை யாரும் சொல்லப் போவதில்லை. அதுதான் அந்த விளையாட்டின் ருசியே.

நான் ஏற்காட்டுக்குத் திரும்பிய பிறகும் அது நிற்கவில்லை. எங்களுக்கு மத்தியானம், அங்கே சாயங்காலம். நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது வாட்ஸப்பில் லிங்க் வந்து விழும். ‘அத்தை, இது எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்.’ நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சேலத்தைத் தாண்டி அதிகம் போகாத எனக்கு, ஆஸ்திரேலியாவில் எந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் எது என்பது அத்துப்படி ஆயிற்று. பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொன்னேன். அவர் ஒரு பாட்டில் வாங்கி, பின்னால் போட்டிருக்கும் ஊரைப் பார்த்து, குடித்தும் பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்புவார். எனக்கு ஒரு சொட்டும் கிடையாது. இங்கே ஆன்லைனில் வாங்கவும் வழியில்லை. வீட்டுக்காரர் ஒருமுறை என் மேல் இரக்கப்பட்டு ஒண்டிக்கடை முக்குப் பக்கம் போய் அரசு மதுக்கடையில் நல்ல சிவப்பு ஒயின் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். “ஏனுங்க, கேக்குக்கு ஊத்தவா?” என்று திருப்பிக் கேட்டார்களாம்.

“மாமியாளும் மருமவனும் சேந்து சரக்குத் தேடுற ஊடு இந்த மலையிலயே இது ஒண்ணுதான் புள்ள” என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆண்பிள்ளை பெறாத குறை தீர்ந்தது என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் மகள் போன் செய்து, “நாங்க பிரிஞ்சுட்டோம்மா” என்றாள்.

அடி கிடையாது, திட்டு கிடையாது, மூன்றாவது ஆள் கிடையாது. ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக இருந்திருக்கிறார்கள். நான் வழக்கமாக அம்மாக்கள் சொல்வதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் பொறுத்துப் பார், அவர் நல்லவர்தானே என்றேன்.

“நல்லவருதாம்மா. ஆனா நீ அவருகூட பேசுனதுல பாதிகூட அவரு என்கூட பேசல” என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வந்த குரல் பதிவுகளெல்லாம் அவளுக்கு வராத பேச்சா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நான் அவருக்கு எழுதவில்லை. அவரும் எழுதவில்லை. ஒரு பேரனோ பேத்தியோ இருந்திருந்தால், அதைச் சாக்கு வைத்தாவது ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை. மகள் விவாகரத்து வாங்கினால் அவளைத் தேற்ற நாலு பேர் வருவார்கள். மாமியாரைத் தேற்ற யார் வருவார்கள்? சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் இல்லாதது தாங்கவில்லை. மத்தியானம் ஆனால் கை தானாகப் போனைத் தேடும். அந்த ஆன்லைன் கடையை நானாகத் திறந்து குறிப்புகளைப் படிப்பேன். விடை தோன்றும். சொல்ல ஆள் இருக்காது.

ஒருநாள், நாங்கள் முதன்முதலில் குடித்த அந்த மிளகு வாசனை ஒயினின் குறிப்பு போலவே ஒன்று விற்பனைக்கு வந்தது. அந்தப் பெட்டி தீர்ந்த பிறகு அவர் எங்கெங்கோ தேடியும் அது மறுபடி கிடைக்கவே இல்லை. கடைசிச் சில பெட்டிகள்தான் என்று எழுதியிருந்தது. லிங்கை எடுத்து ‘மாப்பிள்ளை’ என்று நான் இன்னும் மாற்றாமல் வைத்திருந்த பெயருக்குக் கீழே ஒட்டினேன். மகள் முகம் வந்து நின்றது. அழித்தேன். மறுபடி ஒட்டினேன், மறுபடி அழித்தேன். அவருக்கு எழுதினால் பெற்ற பெண்ணை விட்டுக்கொடுத்த மாதிரி. எழுதாவிட்டால் அவர் தேடிய ஒயின் கைநழுவிவிடும். சாயங்காலம் பார்த்தால் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போன பிறகுதான் போன வருட மே மாதம் மகள் லீவில் வந்தாள். பிரிவுக்குப் பிறகு அவள் வருவது அதுதான் முதல் தடவை. அவர் பெயரை அவளும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. பலாப்பழம், மழை, மலைப்பாதை நெரிசல் என்று எதையெதையோ பேசி ஒரு வாரத்தை ஓட்டினோம். அப்புறம்தான் அன்றைக்கு அந்தத் துண்டோடு சமையலறைக்கு வந்தாள்.

“இது உனக்கும்மா. ஊடு விக்கிற பத்திரத்துல கையெழுத்துப் போட வந்தப்ப அவரு குடுத்தாரு. அத்தைகிட்ட குடுத்துருன்னு மட்டும் சொன்னாரு.”

பிரித்துப் பார்த்தேன். கறுத்த பாட்டில். லேபிள் இல்லை. பின்னால் இருக்கும் சின்ன ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மகள் பார்க்காதபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எங்கயாவது விட்டுட்டு வந்துரலாம்னு நெனச்சேன். ஏர்போர்ட்டுல குப்பைத்தொட்டி பக்கத்துலயே கொஞ்ச நேரம் நின்னேன். இங்க வந்தும் ஒரு வாரமா பொட்டிக்குள்ளயே வெச்சிருந்தேன்” என்றாள்.

“போட்டுட்டே வந்திருக்கலாமே கண்ணு” என்றேன். வாய்தான் சொன்னது.

அலமாரியிலிருந்து மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள். வீட்டுக்காரர் தக்கை எடுக்கிற திருகாணியைத் தேடிக்கொண்டு வந்தார். “தக்கை இல்லப்பா, மூடியத் திருகுனா போதும்” என்றாள். “அட, இருமல் மருந்து கணக்கா இருக்குதே” என்றார் அவர். மூவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

முகர்ந்தேன். ஒரு வாய் குடித்தேன். மிளகு இல்லை. நாவல்பழம் மாதிரி ஏதோ ஒன்று, அதற்குப் பின்னால் லேசான புகை. சத்தியமாக எனக்கு எதுவும் பிடிபடவில்லை. குறிப்பு இல்லாமல், எதிரில் அவர் இல்லாமல், வெறும் நாக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மகள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர்களோடு அடிலெய்டில் இருந்த நாளிலெல்லாம் மகள் எங்கள் விளையாட்டில் ஒருமுறைகூடச் சேர்ந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“பதில் போடும்மா. காத்துட்டு இருப்பாரு” என்றாள்.

“உனக்கு வலிக்கலயா கண்ணு?”

“வலிக்குது. அது எம் பாடு. நீ எதுக்கு மருகிட்டுக் கெடக்குற? அப்பா எல்லாம் சொன்னாரு.”

வீட்டுக்காரர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை போலிருக்கிறது.

போனை எடுத்தேன். நலமா, எப்படி இருக்கிறீர்கள், எதுவும் எழுத வரவில்லை. எனக்குத் தோன்றிய ஒரு பள்ளத்தாக்கின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீல டிக் உடனே விழுந்தது. அவர் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார் என்று காட்டியது. அவ்வளவு நேரம் எழுதியவரிடமிருந்து வந்தது இவ்வளவுதான்:

‘தப்புங்க அத்தை. பாட்டில்ல மிச்சம் இருந்தா நாளைக்கு இன்னொரு தடவை குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.’

அத்தை என்றுதான் எழுதியிருந்தார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். மகள் முதலில் சிரித்தாள். பிறகு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, “நாளைக்கு வேணுமில்ல” என்று பிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாளும் நான் தப்பாகத்தான் சொன்னேன். இப்போதும் எப்போதாவது ஒரு மத்தியானம் லிங்க் வருகிறது. பழைய மாதிரி குரல் பதிவு வருவதில்லை. அவர் இனி எங்கள் மலைக்கு ஏறி வரப்போவதில்லை, எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளரை நீட்டப்போவதில்லை என்பது தெரியும். அந்த ஏக்கம் என்னோடுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தனக்கு இல்லையென்று ஆகிப்போனவரின் அன்பை, அம்மாவுக்கு வேண்டுமே என்று கடல் தாண்டிச் சுமந்து வந்து கையில் கொடுத்தாளே என் மகள், அந்த மனசுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.