சங்கு சக்கரத்துக்கு நாலு விரல் மேலே

நான் படித்த காலத்தில் உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒரு பையனின் உடம்பிடம் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: வெள்ளை நிஜார் போட்டுக்கொள்ள வேண்டும், மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும், கயிற்றைப் பிடித்து மேலே ஏற வேண்டும், கம்பைத் தட்டாமல் தாண்ட வேண்டும், விசில் ஊதினால் நிற்க வேண்டும். இதில் என்னால் முடிந்தது முதலும் கடைசியும்தான். முதலிலும் சிக்கல் இருந்தது. எனக்கு நிஜார் தைத்த தையல்காரர், தப்பாக அளந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு என் இடுப்பை ரெண்டாம் முறையும் அளந்தார்.

நான் குண்டு. அதைச் சொல்ல எனக்கு அன்றும் கூச்சமில்லை, இன்றும் இல்லை. திருப்பதியில் கோவில் கைங்கர்யத்தில் இருந்த குடும்பம் எங்களுடையது. காலையில் பெருமாள் சன்னதியில் வரிசையாக நின்று பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் அப்பா இருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து நானும் அவர் பக்கத்தில் நின்றேன். சேவித்து முடிந்ததும் பொங்கல் வரும், தயிர்சாதம் வரும். ரெண்டையும் ஒரு கை பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவனிடம் கயிறு ஏறு என்றால் எவன் ஏறுவான்?

ஆசிரியரை எங்கள் பக்கத்தில் ஐவாரு என்போம். டிரில் ஐவாரு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். முதல் வாரமே என்னை ஓடவிட்டுப் பார்த்தார், சிரித்தார், அதற்கப்புறம் நாலு வருஷம் மற்ற பையன்களின் சட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டார். வேப்பமரத்தடியில் நாற்பது சட்டைகளோடு நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். கணக்கு வராதவனைக் கணக்கு வகுப்பில் சட்டைக்குக் காவல் வைப்பதில்லையே. ஓட வராதவனுக்கு ஓடச் சொல்லிக்கொடுப்பதற்குத்தானே அந்த வகுப்பு? ஓடத் தெரிந்தவன் தெருவிலேயே ஓடிக்கொள்வான், அவனுக்கு எதற்கு ஒரு வாத்தியாரும் ஒரு விசிலும்? இதை யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆந்திரா தனி ராஜ்யமான மறு வருஷம் நான் ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, படித்தேன். புத்தூரும் நகரியும் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று பஸ்ஸில் ஏறினால்கூட சண்டை நடக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கவலை இல்லை. ராஜ்யம் பிறந்த நாளைக்கு மைதானத்தில் ஒரு பிரமிட் கட்டிக் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் கவலை. பிரமிட் என்றால் பையன்கள் ஒருவர்மேல் ஒருவராக ஏறி நிற்பது. நடுவில் ஒருத்தன் தூணாக நிற்பான். அவன் தோளில் இன்னொருத்தன் ஏறி நின்று கொடியை உயர்த்துவான். ரெண்டு பக்கமும் மற்றவர்கள் படிப்படியாக இறங்கி நிற்பார்கள். பார்க்க சித்தூரிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு.

தூணுக்காக டிரில் ஐவாரு ஒவ்வொரு பையனாக அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் வளைந்தார்கள். கடைசியில் வேப்பமரத்தடிக்கு வந்து என்னை எழுப்பி, என் ரெண்டு தோளிலும் ஒவ்வொரு பையனைத் தொங்கவிட்டார். நான் அசையவில்லை.

"ஸ்தம்பம்ரா நுவ்வு!" என்று கத்தினார். "தூணுடா நீ! நாலு வருஷமா ஏண்டா சொல்லலை?"

யார் கேட்டார்கள், சொல்வதற்கு? ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. என் உடம்பு ஒரு காரியத்துக்கு வேண்டும் என்று முதல் தடவையாக ஒருவர் சொல்லியிருந்தார். அந்தப் பிரமிடில் நான் நிற்க வேண்டும், நின்றே ஆக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஐவாருக்கு ரெண்டே சட்டம். கனம் கீழே, லேசு மேலே. அப்புறம், எவனும் பனியன்கூடப் போடக் கூடாது. "துணி மேல கால் நிக்காது, தோல் மேலதான் நிக்கும்" என்பார்.

லேசான பையன் என்று அவர் பொறுக்கியது அரிஜன ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒருவனை. கார்வேட்டிநகரத்தைத் தாண்டி ஏதோ ஒரு கிராமம். என் வகுப்புதான். ரெண்டு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்தும் அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குக் காரணம் எதுவும் அன்று எனக்குத் தேவைப்படவில்லை, பழக்கமே போதுமாக இருந்தது.

முதல் நாள் என் முதுகைப் பிடித்து ஏறும்போது அவன் சொன்னான்: "சாமி, நான் ஏறி நிக்கங்காட்டியும் மூச்சு உடாத. நீ மூச்சு உட்டா நான் ஆடறேன்."

"சாமின்னு கூப்பிடாதேடா."

"பின்ன இன்னான்னு கூப்டறது? குண்டுன்னா?"

"கூப்பிடு."

அவன் கூப்பிட்டான். நான் மூச்சைப் பிடித்தேன். அவன் நின்றான். மூன்று வாரம் தினமும் ஏறினான். பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும், என் தோளில் உறைக்கும். அவன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் என் முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.

தெருவில் யாரோ அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கத்தில் ஆசார்யர் சங்கையும் சக்கரத்தையும் நெருப்பில் காய்ச்சி, வலது புஜத்தில் சக்கரமும் இடது புஜத்தில் சங்கும் ஒற்றுவார். எனக்கும் ஒற்றியிருந்தது. அந்தத் தழும்பு உள்ள உடம்பு பெருமாளுக்கு எழுதிக் கொடுத்த உடம்பு.

"தோள்ல என்ன இருக்குன்னு மறந்துடுத்தா நோக்கு?" என்று கேட்டார் அப்பா. "ஆசார்யன் ஒத்தின சங்கு சக்கரம்டா. அதும்மேல ஒருத்தன் காலை வெச்சுண்டு நிக்கறதா?"

"அதும்மேல இல்லேப்பா. நாலு விரல் தள்ளி மேல."

"அளந்து வேற பாத்தியா?"

பார்த்திருந்தேன். விடாமல் மேலே கேட்டேன்: "தம்பி என் தோள்ல ஒக்காந்துண்டு தேர் பாத்தானே, அவன் கால் நேரா சக்கரத்துமேலயே இடிச்சுதே?"

"அவன் கொழந்தை."

"எந்தக் கால்னாலும் தப்பாப்பா? இல்லே, இவன் கால்ங்கறதாலயா?"

"யார் காலா இருந்தா என்னடா, கால் கால்தான்" என்றார் அப்பா. நான் அதை நம்பினேன். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை.

மறுநாள் தெருப் பெரியவர்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் காபி கொடுத்துப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என் ரெண்டு தோளிலும் அப்பாவின் மடி அங்கவஸ்திரத்தை நாலாக மடித்துப் போட்டுவிட வேண்டும். துணிமேல்தான் கால் படும், தோளில் படாது. முத்திரைக்கும் பழுதில்லை, விழாவுக்கும் பழுதில்லை. பனியனையே சேர்க்காத டிரில் ஐவாரு வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்துக்காரருக்கு ஹெட்மாஸ்டர் என்றால் பயம்.

நாலாக மடித்த அங்கவஸ்திரம், அதுவும் நன்றாகத் துவைத்து நைந்தது. அவன் வலது காலை வைத்து இடது காலைத் தூக்கினான். துணி என் முதுகுப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, அதோடு அவனும் போனான். மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணியை எடுத்து உதறி மடித்துப் பத்திரமாக ஜன்னலில் வைத்தார்கள். விழுந்தவனை, சரியாக நிற்கத் தெரியவில்லை என்று திட்டினார்கள்.

அன்று மத்தியானமே ஹெட்மாஸ்டர் அறைக்கு என்னையும் அப்பாவையும் டிரில் ஐவாரையும் கூப்பிட்டார்கள். மேலே நிற்கிற பையனை மாற்றிவிடலாம் என்றார் ஹெட்மாஸ்டர். எங்கள் தெருவிலேயே ஒல்லியாக ஒருத்தன் இருக்கிறான், எங்கள் உறவுதான், அவனை ஏற்றலாமா என்று கேட்டார்.

"பேஷா" என்றார் அப்பா.

"அந்தப் பையனுக்கும் துணி போடணுமா?" என்று டிரில் ஐவாரு கேட்டார்.

"அது எதுக்கு? நம்மாத்துப் பையன்தானே."

சொல்லி முடித்த பிறகுதான் அப்பா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கால் கால்தான் என்று சொன்ன மனிதர்தான் இவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபத்தில் பாதி அவர்மேல், மீதி என்மேல், நான் அதை நம்பியதற்காக.

"அவன் ஏறினா நான் நிக்கறேன் சார்" என்றேன். "வேற யார் ஏறினாலும் நிக்க மாட்டேன்."

"உன் எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்துல டிரில்லுக்கு நேரா ஒழுக்கம் சரியில்லைன்னு எழுதிடுவேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எழுதிக்கோங்கோ சார்."

பெரிய வீரன் மாதிரி நேராக ஹாஸ்டலுக்குப் போனேன். அவன் குழாயடியில் நின்றுகொண்டிருந்தான், மணிக்கட்டில் கிழிசல் துணி சுற்றியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். மெச்சிக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பாட்டுக்கு வீறாப்பா பேசிட்டு வந்துட்ட. உன்ன இன்னா பண்ணிடுவாங்கோ? சோறு போடமாட்டாங்களா? என்ன இங்கேந்து தொரத்திட்டாங்கன்னா நான் மாடு மேச்சிக்கினு திரியணும். என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. "அப்போ வேண்டாமா?" என்றேன்.

"வாணான்னு எவன் சொன்னான்? ஏறுறேன். துணி போட்டா ஏறமாட்டேன். அத நீ போயி சொல்லாத, நானே சொல்லிக்கிறேன்."

போய்ச் சொன்னான். ஐவாரு அவனை அடிக்கக் கை ஓங்கியதாகவும், அவன் நகராமல் நின்றதாகவும் அப்புறம் கேள்விப்பட்டேன். மூன்று நாள் வேறொருத்தனைத் தூணாக நிறுத்திப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பையன் ஏறியதும் அந்தத் தூண் முழங்காலில் மடங்கியது. அதிகாரி வர ரெண்டே நாள் இருந்தது. ஐவாரு எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "எனக்குப் பிரமிட் நிக்கணும், அவ்ளோதான். துணியும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். ஹெட்மாஸ்டர் கேட்டா எனக்குத் தெரியாது" என்றார். அவரை நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது, எங்களுக்கும் ஆக வேண்டியிருந்தது.

விழா நாளில் விசில் ஊதியதும் நான் காலை அகட்டி நின்றேன். அவன் என் முதுகில் கை வைத்து, "குண்டு, மூச்சு" என்றான். வெறும் தோளில் வெறும் கால். முதல் வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பார்க்க அவன் நிமிர்ந்து நின்று கொடியைத் தூக்கினான். எனக்குக் கொடி தெரியவில்லை, கூட்டத்தின் முகங்கள்தான் தெரிந்தன. கைதட்டியவர்களையும் பார்த்தேன், தட்டாதவர்களையும் பார்த்தேன். விசில் மறுபடி ஊதியும் நான் அவனை உடனே இறக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நின்றேன். அது மட்டும் முழுக்க முழுக்கத் திமிர்தான்.

நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் சேதி போய்விட்டது. அப்பா கிணற்றடியில் ரெண்டு வாளி நிரப்பி வைத்துக்கொண்டு நின்றார். என் தோளில் செம்மண் பாதம் ரெண்டும் அப்படியே இருந்தது.

"தீர்த்தமாடிட்டு உள்ள வா. நாளைக்குப் பிராயச்சித்தம் பண்ணிடலாம்."

"அழுக்குன்னா இப்பவே தீர்த்தமாடறேன்ப்பா. தீட்டுன்னா மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாண்டா."

"இல்லேப்பா. அன்னிக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல நீங்களே பிரிச்சுட்டேள்."

அப்பா வாளிகளை எடுத்து முருங்கைக்கு ஊற்றினார். காலி வாளிகளைக் கவிழ்த்துவிட்டு, "அப்போ கோஷ்டிக்கு வராதே" என்றார். அம்மா எனக்கு உள்ளே இல்லாமல் கொல்லைப்பக்கம் சாப்பாட்டுக்கு இலை போட்டாள். அழுதுகொண்டே போட்டாள். அவளை அழவிட்டதில் எனக்குப் பெருமை இல்லை, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

மறுநாள் காலையில் எல்லா நாளும்போலக் குளித்தேன். பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்டேன். வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன், ஏனென்றால் பாசுரம் தொடங்கிவிட்டால் கடைசிப் பாசுரங்களான சாற்றுமுறை ஆகிறவரை யாரும் நடுவில் நிறுத்தி வேறு பேச்சு எடுக்க முடியாது. சன்னதியில் குரல் எழும்பிய பிறகு நுழைந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் என் இடத்தில் நின்று, அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அடியிலிருந்து பிடித்துக்கொண்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. வாய்கள் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. என் குரல் பெரியது, அன்று அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

முடிந்ததும் அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்குக் கொடுத்தார். எனக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குக் கொடுத்தார். நடுவில் என் கை நீட்டியபடியே இருந்தது.

"கையை மடக்குடா" என்றார் அப்பா, வாய்க்குள்ளேயே.

"மாட்டேன்ப்பா. நாளைக்கும் வருவேன். நாளைக்கும் நீட்டுவேன்."