கருநீல அமேசான் கைமாறிய கதை

ஸீவ் நூர்லிங் என்னோடு பொல்னேஸ் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். ஏரியோரக் கிராமங்களுக்குத் தபால் வண்டி ஓட்டுவாள். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவள். ஹோல்கர் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். "எங்கப்பா காரைத் திருடினவங்க" என்பாள்.

அவள் சிறுமியாக இருந்தபோது ஒருநாள், அப்பா ஏவர்ட்டின் கருநீல வோல்வோ அமேசான் கார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹோல்கரின் கொட்டகைக்குப் போய்விட்டது. ஏமாற்றி வாங்கிக்கொண்டான் என்று சாகும்வரை சொன்னார் அப்பா. ஹோல்கர் அதை வெளியே எடுக்கவே இல்லை. அவரும் இறந்தபின் மகள் மோனா அதைப் பழுதுபார்த்து, கோடையில் ஏரிக்கரைக் காப்பிக் கடையில் கூடும் பழைய கார்ப் பிரியர்களிடம் ஓட்டி வந்தாள்.

ஸீவ் அங்கே இருந்தாள். நேரே போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ இறங்கு. இது எங்க காரு."

"ஸீவ், எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"பாக்கட்டும்! திருட்டுக் கார்ல மினுக்கிக்கிட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

மோனா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். மறுநாள் ஸீவ் போலீசுக்குப் போனாள். காரை ஹோல்கருக்கு மாற்றிக் கொடுத்ததாக வாகனப் பதிவில் அப்பாவின் கையெழுத்து இருப்பதாகச் சொன்னார்கள். போலி என்று சாதித்தாள். அதைச் சொல்ல அம்மாவைவிட நல்ல சாட்சி யார்?

சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது அம்மா உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அது அவர் போட்ட கையெழுத்துதான்."

"என்னம்மா சொல்ற?"

"குடிச்சிட்டு அந்தக் காரை ஓட்டிட்டு வந்து, சைக்கிள்ல போன யோர்டிஸை இடிச்சிட்டார். ஹோல்கரோட பொண்டாட்டியை. அவங்க போலீசுக்குச் சொல்லல. இனிமே இந்தக் காரைத் தொட மாட்டேன்னு உங்கப்பாவே சாவியைக் கொண்டுபோய்க் குடுத்தார்."

"அப்ப ஏன் திருடிட்டாங்கன்னு சொன்னார்?"

"காரு எங்கேன்னு நீ கேட்டே. வேற என்ன சொல்லுவார்? எனக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரல."

ஸீவ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யோர்டிஸ் காலை இழுத்து இழுத்து நடப்பாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் பின்னாலேயே அதே மாதிரி நடந்துகாட்டித் தோழிகளைச் சிரிக்கவைத்தவள் ஸீவ்தான். அதை என்னிடம் சொன்னபோது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு யோர்டிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே கால் இழுபடும் ஓசை நெருங்கி வந்தது. ஓடிவிடலாமா என்று தோன்றியதாம்.

"அப்பா செஞ்சது எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"உங்கப்பா அப்பவே அழுதுட்டுப் போயிட்டார். அது முடிஞ்சுபோச்சு" என்றாள் கிழவி. "என் பொண்ணை எங்க வெச்சுத் திருடின்னு சொன்னே?"

"காப்பிக் கடையில."

"அங்க போய்ச் சொல்லு."

அடுத்த வாரம் போனாள். நானும் கூடப் போனேன். கார்களுக்கு நடுவில் நின்று, "எங்கப்பாதான் இவங்கம்மாவை இடிச்சார். காரை அவரே குடுத்தார். நான் சொன்னது பொய்" என்றாள். சிலர் தலையைக் குனிந்து காப்பியைக் கலக்கினார்கள்.

மோனா கை நீட்டவில்லை. "சரி, கேட்டாச்சு" என்றாள். போகும்போது என்ன நினைத்தாளோ, "ஏறு, வீட்ல விட்டுடறேன்" என்று முன்கதவைத் திறந்தாள்.

ஸீவ் திறந்த கதவையே பார்த்தபடி நின்றாள். ஏற முடியவில்லை. நாங்கள் இருவரும் ஏரிக்கரையோரமாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தோம்.