டப்பாவில் அடைத்த கீரை

ஞாயிறு காலை முதலியார்பேட்டையில் ஒரு வாரத்துக்கான கீரையை வாங்கி, ஆய்ந்து, பொடியாக நறுக்கி, கழுவி, டப்பாக்களில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கர்ப்பிணி மனைவிக்கு வேலை மிச்சம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஏழாம் மாதப் பரிசோதனையில் அவளுக்கு ரத்தம் குறைந்திருந்தது.

“தினமும் கீரை சாப்பிடுறேனே டாக்டர். அவரே நறுக்கிக் கழுவி வெச்சிடறாரு” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “நறுக்கிட்டுக் கழுவினா சத்து தண்ணியோட போயிடும் சார். மிச்சமும் நாளாக நாளாகக் குறையும். மாத்திரைய விடாம குடுங்க, கீரைய அன்னன்னிக்கு வாங்குங்க.”

இப்போது வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டு வாங்குகிறேன். முழுசாக அலசி, அடுப்பைப் பற்றவைக்கும் முன்புதான் நறுக்குகிறேன்.

தினமும் வந்து நிற்கும் என்னிடம் கீரைக்கார அம்மா நேற்று கேட்டார்: “இன்னா சார், வீட்ல ஃபிரிட்ஜ் ரிப்பேரா?”