ஆணி வைத்த கோழி

செத்த கோழியை மூன்று நாள் வெயிலில் போட்டு வைத்தால் வயிறு பச்சையாகி உப்பும். இறகைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து கையோடு வரும். அப்படிப்பட்ட ஒரு கோழியின் கால்களில் சணல் கயிற்றைக் கட்டி என் கையில் கொடுத்து, "வீசுங்க மாப்ள" என்றார் என் மனைவியின் அண்ணன். நான் வீசினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே வீசினேன் என்பதைத் தவிர என் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை.

பரமத்திப் பக்கம் அவருக்கு முட்டைக்கோழிப் பண்ணை. போர்வெல் ரிக் லாரியோடு பதினோரு வருடம் வடநாட்டில் சுற்றி, முதுகு போய் ஊர் திரும்பியபோது அவர்தான் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பண்ணையை ஒட்டிய வீட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். தீவனம், தண்ணீர், முட்டை ஏற்றுவது, காலையில் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துச் செத்ததைப் பொறுக்கிக் குழியில் போடுவது என்று எல்லாம் என் பொறுப்பு.

நாய்க்குட்டி ஜலகண்டாபுரத்தில் தறி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வந்தது. ஐந்து மாதப் பெட்டை. நெடுங்கால், ஒட்டிய வயிறு, மணல் நிறம். தாய், முயல் துரத்துகிற ஜாதி. தகப்பன் யாரென்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. மச்சானுக்கு முயல் வேண்டாம். ஏர்கன்னில் சுட்ட கவுதாரி சோளக்காட்டுக்குள் விழுந்தால் அதைத் தேடி எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும். செல்போனில் எங்கோ ஒரு வெள்ளைக்காரன் நாய் அப்படிச் செய்வதை அவர் பார்த்திருந்தார். கவுதாரி சுடுவது குற்றம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பழக்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது. முதல் மாதம் அதைப்போல் சுகமான வேலை எனக்கு வாய்த்ததில்லை. பழைய காலுறைக்குள் துணியைத் திணித்து முடிச்சுப் போட்டு வீசுவேன். குட்டி தலைதெறிக்க ஓடிக் கவ்வும். கவ்வியதும் நான் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுவேன். எங்கே நான் போய்விடப் போகிறேனோ என்று அது என்னைத் துரத்திக்கொண்டு வரும்; வாயில் இருப்பதைத் தானாகவே கையில் வைக்கும். நான்கு முறைக்கு மேல் வீசமாட்டேன். இன்னும் ஒரு தடவை என்று அது குதிக்கும்போதே காலுறையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். மறுநாள் காலை அந்தச் சட்டைப்பைக்கு நேர்கீழே வந்து உட்கார்ந்திருக்கும்.

மச்சானுக்கு அது போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து வீச ஆரம்பித்தார். இருபது, முப்பது என்று போனது. நாக்கு ஒரு முழம் தொங்கியது.

"போதுங்க மச்சான். ஆச இருக்கறப்பவே நிறுத்திப் போடோணும். இல்லீன்னா வெறுத்துப் போயிரும்."

"நாய்க்கு என்னங்க வெறுப்பு? பள்ளிக்கோடத்துப் புள்ளையா அது?"

அன்றைக்கே கெட்டது. கடைசியில் அது காலுறை விழுந்த இடம் வரை போய், அதைத் தாண்டிப் புல்லை முகர்ந்துகொண்டு நின்றது. கொட்டாவி விட்டது. மச்சான் கத்தினார். அது படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் முழுக்க என்னோடும் அரைமனதாகத்தான் ஓடியது.

"வவுறு நெறஞ்சிருக்குது, அதான் திமிரு" என்று இரண்டு நாள் சோறு போடக்கூடாது என்றார். நான் போடவில்லை. அப்புறம்தான் அந்த நாறிய கோழி. வாசம் இருந்தால் ஆர்வம் வருமாம். பட்டினி கிடந்த குட்டி கோழியைக் கவ்விக்கொண்டு மாட்டுக்குப் போட்டிருந்த சோளத்தட்டுக்குள் ஓடி, தின்ன ஆரம்பித்தது. வேறென்ன செய்யும்? சொட்டுநீர்ப் பைப்பை மடக்கி எடுத்துக்கொண்டு போய் மச்சான் அடித்தார். கத்தல் கேட்டுப் பண்ணை முழுக்கக் கோழிகள் ஒரு நொடி அடங்கின.

"கடிச்சாத்தானே திங்கும். கடிக்க உடாமப் பண்ணீரலாம்" என்று ஒரு கைப்பிடி ஆணியோடு வந்தார். அன்று காலையில் செத்த ஒரு கோழி. அவர் அதன் பின்பக்கத்தைக் கீறி, ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளிருந்து குத்தி முனை மட்டும் இறகுக்குள் மறைந்திருக்கும்படி வைத்தார். கோழி நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டவன் நான். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் அதன் வயிற்றிலிருந்து காற்றுப் பிரிந்தது. உள்ளே ஓடு கட்டாத முட்டை ஒன்று உடைந்து என் மணிக்கட்டில் வழிந்தது. நான் கையை எடுக்கவில்லை.

குட்டி கவ்வியது, கத்தியது, உதறியது. அதன் பிறகு வாயைத் தரையில் தேய்த்துக்கொண்டே வட்டம் வட்டமாகச் சுற்றியது.

மூன்றாம் நாள் மேலுதடு வீங்கிச் சீழ் வைத்தது. மொபெட்டில் முன்னால் உட்கார வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். முள்கம்பி குத்திவிட்டது என்றேன். அவர் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"முள்கம்பி எப்படிங்க மேலண்ணத்துல நாலு எடத்துல குத்தும்?"

நான் குட்டியின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊசி போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினார்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தட்டில் இருந்த முட்டையை ஒதுக்கிவிட்டு, "உங்கண்ணன் மனுசனே இல்ல" என்றேன் மனைவியிடம்.

"நீங்களுந்தானே கூடப் புடிச்சீங்க?" என்றாள் அவள். சோப்புத்தூள் போட்டு எத்தனை முறை தேய்த்தும் என் கையிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை என்று தோன்றியது. அவளிடம் முகரச் சொன்னேன். அவள் முகரவில்லை.

அதற்குப் பிறகு யாராவது கையை உயர்த்தினால் குட்டி நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. கொடியில் துணி காயப்போடக்கூட என் மனைவி அதன் முன்னால் கையைத் தூக்குவதில்லை. மச்சான் பார்த்துவிட்டு, "ஒதவாத ஜென்மம்" என்று விட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தை அதற்கு நல்லது செய்தது.

மூன்று வாரம் நான் எதையும் வீசவில்லை. வேலை முடிந்த பின் வாசலில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். பழைய துண்டொன்று பக்கத்தில் கிடக்கும். ஒரு நாள் அதை அது முகர்ந்தது. இன்னொரு நாள் நுனியைக் கவ்வி இழுத்தது. நான் திரும்பவில்லை. எழுந்து வேப்பமரம் வரைக்கும் நடந்தேன். பின்னால் துண்டு தரையில் இழுபடுகிற சத்தம் வந்தது. கையை நீட்டிப் பிடுங்காமல் குந்தி உட்கார்ந்தேன். துண்டை என் மடியில் போட்டது. "கெட்டிக்காரச் சாமி" என்றாள் என் மனைவி, வாசற்படியில் நின்றபடி. அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே முறை. அதையும் கையை ஓங்காமல், துண்டைச் சுருட்டித் தரையோடு உருட்டி விட்டேன். இரண்டு மாதத்தில் சோளக்காட்டுக்குள் ஒளித்து வைத்தால்கூட மூக்காலேயே தேடி எடுத்து வந்தது. வாய் பஞ்சு மாதிரி. துண்டில் பல் பட்ட தடம் இருக்காது.

இதை மச்சான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, அவர் பார்க்கட்டும் என்று.

ஒரு நாள் பண்ணைக்கு வந்தபோது பார்த்தும் விட்டார். அடுத்த ஞாயிறு காலையில் நண்பர்கள் மூவரோடு காரில் வந்தார். நானும் நாயும் போனோம். அறுப்பு முடிந்த காடு. வேலியோரம் ஒரு கவுதாரி எழுந்தது, ஏர்கன் வெடித்தது, பறவை ஓரத்தில் அறுக்காமல் விட்டிருந்த சோளத்தட்டுக்குள் விழுந்தது. நாய் என்னைப் பார்த்தது. நான் தலையசைத்தேன். உள்ளே போய், எடுத்து, கை நீட்டிய மச்சானைத் தாண்டி வந்து என் உள்ளங்கையில் வைத்தது.

பறவை சாகவில்லை. ஒரு இறக்கை தோலில் மட்டும் தொங்கியது. எச்சில் ஈரத்தோடு சூடாக இருந்தது. அதன் நெஞ்சு என் பெருவிரலுக்கு அடியில் படபடவென்று அடித்துக்கொண்டது. நாயின் பல் எங்கும் படவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன்.

"திருகுங்க மாப்ள, என்ன பாக்கறீங்க?"

இனி அது பிழைக்காது. கழுத்தைத் திருகினேன். ஒருவர் என் கையையும் பறவையையும் நாயையும் சேர்த்துப் படம் எடுத்தார். வாலை ஆட்டிக்கொண்டு நாய் அடுத்ததற்குக் காத்து நின்றது. மத்தியானம் அந்தப் படம் மச்சானின் ஸ்டேட்டஸில் இருந்தது. என் கை மோதிரத்தோடு நன்றாகத் தெரிந்தது. யாரோ எச்சரித்த பின் அதை நீக்கிவிட்டார்.

மறுவாரம் கார் வந்தபோது, "நாயி வராதுங்க மச்சான்" என்றேன்.

"என்ற நாயிங்க அது."

"ஆமாங்க. ஆனா வராது. நானும் வாரதில்லை."

நண்பர்கள் முன்னால் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "எரக்கப்பட்டு எடங்குடுத்தா இப்புடித்தான்" என்று தொடங்கி, வாயில் வந்ததெல்லாம் சொன்னார். நான் பண்ணையை விட்டேன். இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறேன். நாய் எங்களோடுதான் இருக்கிறது. அதைக் கேட்டு அவர் வரவில்லை. ஒரு மாதத்திலேயே வேறொரு குட்டி வாங்கிவிட்டார். அந்தக் குட்டியைப் பற்றி நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

போன மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். அவர் குரல் கேட்டதுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "புதுசு சூப்பரா எடுக்குது மாப்ள. ஒருநாள் வந்து பாருங்க" என்றார்.

"அது நல்லாத் திங்குதாண்ணா?" என்று கேட்டாள் என் மனைவி.

"திங்குது, திங்குது" என்று சிரித்தார். எப்படிப் பழக்கினார் என்று நான் கேட்கவில்லை.

அவர் போன பிறகு மனைவி மிச்ச டீயைச் சாக்கடையில் ஊற்றினாள். டம்ளரைச் சாம்பல் போட்டு ஒரு தடவை விளக்கிக் கவிழ்த்தாள். பிறகு திரும்ப எடுத்து இன்னொரு தடவை விளக்கினாள்.