பேட்டரி இல்லாத வாக்கிடாக்கி

பதினாறு மாடிக் கட்டடத்தின் வாசலில் காவல் பார்க்கும் அவருக்கு வாக்கிடாக்கி கையோடு ஒட்டிக்கொண்டே பிறந்த மாதிரி. கடைக்குப் போனாலும், "ரெண்டு பாக்கெட் பால், ஓவர்" என்பார். கடைக்காரருக்குச் சிரித்துச் சிரித்தே அலுத்துப்போயிற்று.

அவருடைய ஐந்து வயது மகளுக்குக் 'க' வராது. கதவு அவளுக்கு 'ததவு'. கண்ணாடி 'தண்ணாடி'. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பத்துப் படங்கள் ஒட்டிய அட்டையைத் தந்து, "தினம் பத்து நிமிஷம் விளையாட்டா பண்ணுங்க, திட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர் திட்டவில்லை. விளையாடவும் தெரியவில்லை. வேலையிடத்துப் பதிவேட்டைப் போலவே நோட்டில் கட்டம் போட்டார்: தேதி, நேரம், வார்த்தை, சரி, தவறு. "கண்ணு, இன்னொரு தடவை சொல்லு." "இன்னும் ஒரே தடவை." மூன்றாவது வாரம் நோட்டைக் கண்டதுமே பிள்ளை வாயைப் பூட்டிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் பாட்டிலைக் கைகாட்டினாள்.

"அவ என்ன உங்க கேட்டுக்கு வந்த வண்டியா? நிறுத்தி நிறுத்தி எழுதிக்கிறீங்க!" என்றாள் மனைவி.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூடம். 'க' வராவிட்டால் போகிறது, இருந்த பேச்சையும் நானே பிடுங்கிக்கொண்டேனோ?

மறுநாள் வேலையில் வாக்கிடாக்கி கரகரத்தது. "மூணாவது மாடில தண்ணி ஒழுகுது, ஓவர்."

"சரியா கேக்கலை, திருப்பிச் சொல்லுங்க, ஓவர்" என்றார், வழக்கம்போல. சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்கிறோம், கேட்கிறோம். ஒருத்தரும் முகம் சுளித்ததில்லையே! இங்கே யாருடைய வாயிலும் குறையில்லை. நடுவில் இரைச்சல், அவ்வளவுதான்.

மேலாளரிடம் கேட்டு, பழுதாகி, பேட்டரி கழற்றி ஓரங்கட்டிய இரண்டு வாக்கிடாக்கிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நோட்டை எடுக்கவில்லை. ஒன்றை மகள் கையில் கொடுத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"மெயின் கேட் பேசறேன். மேடம் எங்க இருக்கீங்க, ஓவர்?"

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, சின்னக் குரலில், "தட்டில் மேல. ஓவர்."

"சரியா கேக்கலை மேடம், திருப்பிச் சொல்லுங்க, ஓவர்."

"தட்டில் மேல!" கத்திவிட்டுச் சிரித்தாள்.

"சரி, கட்டில் மேல. அங்கேருந்து என்ன தெரியுது, ஓவர்?"

"ததவு. பின்னாடி அப்பா தாலு. ஓவர்."

"மேடம், அப்பா கால் ரகசியம். வெளியே சொல்லாதீங்க, ஓவர்."

அன்றிலிருந்து தினமும் பத்து நிமிஷம் என்பது அரை மணி ஆயிற்று. பேட்டரி இல்லாதது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்பதாம் நாள், மெயின் கேட்டுக்கு அவளே பொறுப்பேற்றாள். அப்பா கட்டிலுக்கடியில் போய்ப் படுக்க வேண்டியதாயிற்று.

"இங்க ஒரே தூசி, கேட்டைத் திறங்க, ஓவர்" என்று முனகினார்.

சமையலறையிலிருந்து அதிகாரமாக வந்தது பதில்: "கேத்தலை! திருப்பிச் சொல்லு, ஓவர்!"

முதல் எழுத்து 'க'வாகவே வந்திருந்தது. அட்டையில் இல்லாத வார்த்தை. அடுப்பருகே மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளத் துடித்தவர், உதட்டைக் கடித்துக்கொண்டார். பாராட்டினால் ஆட்டம் பரீட்சையாகிவிடும். ஆனால் பதில் சொல்ல வேண்டியதையே மறந்துபோனார்.

"அப்பா, தூங்திட்டியா? ஓவர்!"

"இல்லை மேடம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திருப்பிச் சொல்றேன், ஓவர்."