ஊருக்கு வராத லொறி

என் மச்சான் லொறி வாங்கியபோது எங்கள் ஊருக்கு றோட்டு இல்லை. கெலிஓயாப் பக்கத்துப் பெரிய றோட்டிலிருந்து மலைமேல் ஒரு பாதை ஏறியது. மிளகும் வாழைக்குலையும் பாக்கும் அதன் வழியாக இறங்கின. உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும் அதன் வழியாக ஏறின. நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் என் அக்காவைக் கட்டிய இந்த மச்சான் ஊரில் சிறு கடையும் வைத்திருந்தார். அவருடைய பொதிமாடுகள்தாம் ஊர்ச் சரக்கில் பாதியைச் சுமந்தன. அந்த மாடுகளை விற்றுத்தான் அவர் லொறி வாங்கினார்.

அவர் புத்தி கெட்டவர் அல்லர். முந்திய வருடம் ஏஜண்டு துரை எங்கள் ஊர் பார்க்க வந்திருந்தார். கண்டியில் இருந்துகொண்டு சுற்றியுள்ள மலைக்கிராமங்கள் அத்தனையையும் நிர்வாகம் செய்கிற உத்தியோகம் அது. துரை வரும்போது ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்கள் பகுதிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. பாதையின் புல்லைச் செதுக்கி, பள்ளங்களை நிரப்பி, ஆற்றுமணல் தூவினார்கள். ஓடையின் மேல் புதிய பாலம் போட்டார்கள். தென்னங்குருத்தில் தோரணம் கட்டினார்கள். ஒரு கதிரையில் கம்புகளைக் கட்டி, துரையை அதில் உட்காரவைத்து, இடுப்பளவு உயரத்தில் ஆட்டாமல் அசைக்காமல் மேலே தூக்கிவந்தார்கள். விருந்துக்குப் பிறகு றோட்டுக் கேட்டார்கள். கவனிப்பதாகச் சொன்னார். அதை நம்பி மச்சான், தேயிலை விலை விழுந்து நொடித்துப்போன ஒரு தோட்டத்தின் பழைய லொறியை வாங்கி, மலையடியில் கிடுகுக் கொட்டில் ஒன்றில் நிறுத்தினார்.

பிறகு பதில் வந்தது. பாதை மிக நல்ல நிலையில் இருப்பதைத் துரை நேரில் கண்டார், றோட்டு அவசியமில்லை, அதைப் பேணிவரும் ஆரச்சிக்குப் பாராட்டு. கிராமத் தலைவரான ஆரச்சி அந்தப் பாராட்டை ஊரார் முன் பெருமையோடு வாசிக்கத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்தினார்.

லொறி நின்ற இடத்திலேயே நின்றது. மச்சான் வாழைக்குலைகளைத் தோளில் சுமந்து இறங்கினார். கோழிகள் சாரதியின் ஆசனத்தில் அடைகாத்தன. ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் ராத்தாவிடம் கேட்பார்கள்: "என்ன புள்ள, ஒங்கட லொறி இன்டைக்கு எத்தின முட்டை இட்டிச்சி?"

அடுத்த மாரி தொடங்கிய சமயத்தில், புதிதாக மாற்றலாகி வந்த ஏஜண்டு துரை ஊருக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. ஆரச்சி மச்சானின் கடைவாசலில் ஊரைக் கூட்டினார். அவர் சிங்களவர், எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார்; ராத்தாவை மட்டும் தங்கை என்ற பொருளில் 'நங்கி' என்பார், நாங்கள் அவரை மரியாதையாக 'மாத்தயா' என்போம்.

"நாளைக்குப் பாதை வேலை. வீட்டுக்கு ஒராள் மண்வெட்டியோட வரணும்."

"ஒத்தரும் மண்வெட்டியத் தொடக் கூடா" என்றார் ராத்தா, கடைக்குள்ளிருந்து.

"என்ன நங்கி பேச்சு இது? வாரது ஏஜண்டு துரை."

"வரட்டுமே. போன துரை எங்கட பாதைய எங்க மாத்தயா பார்த்தார்? நீங்க தூவின மணலத்தானே பார்த்தார்."

"பாதை கேவலமா இரிந்தா என்ட உத்தியோகம் போகும்."

"போனா வந்து எங்கட லொறிய ஓட்டுங்க."

"லொறியா அது? கோழிக்கூடு!"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை.

"அந்தக் கோழிக்கூட்ட நம்பித்தான் இவங்க மாட்டை வித்தாங்க. இந்த மாரியும் அது அங்கேயே நின்டா எங்களுக்கு மிஞ்சிறது துருதான். மாத்தயா, விருந்து வைங்க, மேளம் அடிங்க. பாதையில மட்டும் கை வைக்க வாணாம். தோரணமும் வாணாம்."

ஆரச்சி நெடுநேரம் வெற்றிலை மென்றார். "தோரணமும் இல்லையா?" என்று கேட்டார். உத்தியோகம் போவதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அப்போது நான் கண்டியிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே துரையின் பின்னால் நடக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. துரை வந்த அன்று காலையிலிருந்தே மழை. இரண்டாவது வளைவில் கதிரை தூக்கியவர்கள் சறுக்கினார்கள். துரை இறங்கி நடந்தார். அடுத்த வளைவில் அவருடைய சப்பாத்து ஒன்று சேற்றில் நின்றுவிட, கால் மட்டும் முன்னே போயிற்று. மச்சான் அதை இரண்டு கைகளாலும் பிடுங்கி, தண்ணீரைக் கொட்டி, மரியாதையோடு நீட்டினார். போன துரைக்காகப் போட்ட ஓடைப் பாலத்தில் ஒற்றை மரமே மிஞ்சியிருந்தது. மழைநாளில் எங்கள் ஆட்கள் கடப்பதுபோல, துரையும் அதன்மேல் குந்தி, நகர்ந்து நகர்ந்து கடந்தார். அக்கரையில் எழுந்து நின்று அவரே சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கத் துணிந்தார்கள்.

மேலே விருந்து குறைவின்றி நடந்தது. றோட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

துரை இறங்கி வந்தபோது கொட்டிலில் நின்ற லொறியைப் பார்த்து, அது யாருடையது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"எங்கட ஊர் லொறி துரை" என்றார் மச்சான்.

ஊர் மேலேயல்லவா இருக்கிறது என்றார் துரை.

"ஓ துரை. அது இன்னம் ஊருக்கு வரல்ல."

துரை மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். அந்த நேரம் ஒரு கோழி சாரதியின் ஆசனத்திலிருந்து குதித்து, கொக்கரித்துக்கொண்டு வெளியே போயிற்று.

றோட்டுக்கு அனுமதி கிடைத்தது. பாறை உடைப்பதும் மதகு கட்டுவதும் அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமும் மண்வேலையும் ஊரின் பொறுப்பு. மண்வெட்டியைத் தொடக்கூடாது என்ற ராத்தாதான் இப்போது விடிந்ததும் வீடு வீடாகப் போய் மண்வெட்டிகளைக் கிளப்பினார். எங்கள் வாழையும் போயிற்று, ஆரச்சியின் கமுகும் போயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த மாரிக்கு முன் ஒரு காலையில் லொறி புறப்பட்டது. மச்சான் ஓட்ட, பக்கத்தில் முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி ராத்தா உட்கார்ந்திருந்தார். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களும், கட்டை போடுவது எப்படி என்று சொல்லித் தருகிறவர்களும் பின்னால் ஏறிவந்தார்கள். சப்பாத்து மாட்டிய வளைவில் இயந்திரம் இருமியது, நிற்கவில்லை. பீலியடிப் பெண்கள் குடங்களை வைத்துவிட்டுக் குரவையிட்டார்கள்.

ஊர்வாசலில் ஆரச்சி, துரைக்குக் கட்டாத தோரணத்தை லொறிக்குக் கட்டிவைத்திருந்தார். தென்னங்குருத்தில் கிளியும் பூவுமாக, அவர் வாழ்நாளில் கட்டியவற்றில் மிகச் சிறந்தது. ஆனால் அவர் பழக்கப்பட்ட உயரம் கதிரையில் வருகிற துரையின் தொப்பிக்கு மேல் ஒரு சாண்; லொறியோ அதைவிட உயரம். மலையேற்றத்தில் லொறியை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று மச்சானுக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

"ஐயோ நங்கி, என்ட தோரணத்தப் பிச்சிட்டீங்களே!"

"பிய்க்கல்ல மாத்தயா" என்று ராத்தா உள்ளிருந்து கத்தினார். "போட்டுக்கிட்டு வாரோம்!"

நெற்றியில் குருத்தோலையும் பக்கங்களில் கிளிகளும் தொங்க, லொறி கடைவாசலில் வந்து நின்றது. ஆரச்சி அவற்றைக் கழற்ற யாரையும் விடவில்லை. அன்று பகலே, குலைகளை ஏற்றிக்கொண்டு, அந்த அலங்காரத்தோடேயே அது கெலிஓயாச் சந்தைக்கு இறங்கியது.