முப்பதாயிரத்து முப்பத்தொன்று

துரைசுவாமி ஏலத்தோட்ட ஆபீஸில் குமாஸ்தா. கல்பாத்தியில் பிறந்து, இடுக்கி மலையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். எண்ணைக் கண்டால் மனுஷருக்குக் கை சும்மா இருக்காது. பஸ் நம்பர், சாக்கு நம்பர் எதுவானாலும் இரண்டில் தொடங்கி வகுத்துப் பார்த்துவிட வேண்டும். எதிலும் வகுபடாமல் முரண்டு பிடித்தால் அது பகா எண். அன்றைக்குச் சோறு இறங்காது. பெண் பார்க்கப் போன வீட்டு நம்பர் 91. ஏழு, பதின்மூன்று என்று வகுபட்ட பிறகுதான் தன்னை நிமிர்ந்து பார்த்தார் என்று மனைவி சேஷம்மாள் சொல்லிச் சிரிப்பாள்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தலைச்சன் குழந்தை கண்மூடியது நாற்பத்தேழாம் நம்பர் கட்டிலில். அண்ணாவை அடித்துப்போட்ட லாரியின் நம்பர் 2017. இரண்டும் பகா எண்கள். அதற்குப் பிறகு யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

1974 ஆடியில் சேஷம்மாளுக்கு வயிற்றில் கட்டி. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவள் மணிக்கட்டில் கட்டிய துணிப்பட்டையில் 30031 என்று எழுதியிருந்தது.

இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. எதில் வகுத்தாலும் ஒன்று மிஞ்சியது. மூன்று நாள் கட்டிலருகே உட்கார்ந்து பஞ்சாங்கத்தின் ஓரத்தில் வகுத்தார். வர்க்கமூலம் நூற்றெழுபத்துமூன்றுக்குச் சற்று மேல்; அதுவரை பார்த்தால் போதும். பார்த்தார். ஒன்றிலும் வகுபடவில்லை.

நாலாம் நாள் காலை நர்ஸ் ஆபரேஷனுக்கான சம்மதபத்திரத்தை நீட்டினாள். "சாரே, ஒப்பு இடணும். டாக்டர் வந்தாச்சு. இன்னிக்கு விட்டா கட்டி உடைஞ்சுடும்."

"வேற நம்பர் போட்டுத் தர முடியுமா?"

"நம்பரா?" நர்ஸ் விழித்தாள்.

பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டால் தானே அவளைக் கொன்றதாகிவிடும் என்று பட்டது. போடாவிட்டாலும் போய்விடுவாள் என்பது தெரியாமல் இல்லை. காகிதத்தைத் திருப்பி நீட்டினார். "வேண்டாம். மலைக்கே கூட்டிண்டு போயிடறேன்."

"ஏன்னா," ஸ்ட்ரெச்சரிலிருந்து சேஷம்மாள் கூப்பிட்டாள். "அம்பத்தொம்பதால இன்னொரு தரம் வகுத்துப் பாருங்கோ."

பார்த்தார். ஐம்பத்தொன்பதை ஒன்பதால் பெருக்கினால் ஐந்நூற்று முப்பத்தொன்று. அவர் ஐந்நூற்று இருபத்தொன்று என்று எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பெருக்கல் தப்பியதில்லை. இப்போது ஐந்நூற்றொன்பது தடவை மீதியில்லாமல் போயிற்று. அது பகா எண்ணே இல்லை.

கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது. "நோக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மூணு நாளா நானும் மனசுக்குள்ள வகுத்துண்டுதானே கெடக்கேன்," என்றாள். "நேக்கு மட்டும் பயமா இருக்காதா?"

மூன்று நாளும் அவர் அந்தத் துணிப்பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. இப்போது நிமிர்ந்து பார்த்தார். அவள் கையைப் பிடித்தார்; சில்லிட்டிருந்தது. நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ள, அவர் கையை விடாமல் கதவு வரைக்கும் கூடவே நடந்தார்.